சொல்லின் பொருளே பாடத்தின் திறவுகோல்

(பொதுத்தேர்வு எழுதவிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கான உயிரியல் மீள்பார்வை வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தேர்வு நெருங்கும் நாள்களில், தமிழ்வழி பயிலும் மாணவன் உயிரியல் நூலை எவ்வாறு படிக்கின்றான் என்பதை உற்று நோக்குதல் வேண்டும். 'மைட்டோகாண்ட்ரியா' என நூறுமுறை சொல்கின்றான். 'குரோமோசோம்' என நூறுமுறை எழுதுகின்றான். நா பழகுகின்றது, அறிவோ அசைவதில்லை. தேர்வுக் கூடத்தில் ஓரெழுத்து மறந்தால் விடை முழுவதும் மறந்து போகின்றது. உடனே, 'தமிழில் அறிவியல் வராது' என்று பழி தமிழின்மேல் விழுகின்றது. அவனை இடறிய சொற்களோ தமிழ்ச் சொற்களே அல்ல! பழிக்குரியது தமிழா, பொருளறியா நெட்டுருவா? பாடத்தைக் கொண்டே இதனை ஆராய்தல் தகும்.

முதற்கண் 'செல்'. 1665ஆம் ஆண்டு ஆங்கில அறிஞர் இராபர்ட் ஊக், தக்கைச் சீவலை உருப்பெருக்கியின்கீழ் வைத்து நோக்கினார். தேன்கூட்டினை ஒத்த சிற்றறைகளைக் கண்டார். சிற்றறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் பிறந்தது. தமிழில் கண்ணறை என்றால் அப்பொருள் கண்முன் நிற்கும். 1838, 1839ஆம் ஆண்டுகளில் சிலெய்டனும் சுவானும் நிலைகொடி மரங்களும் விலங்குகளும் கண்ணறைகளால் ஆனவை என்றனர். கண்ணறையினின்றே கண்ணறை தோன்றும் என 1855இல் விர்ச்சோ வலியுறுத்தினார். உயிர்கள் யாவும் கண்ணறைகளால் ஆனவை. உயிரின் அடிப்படை அலகு கண்ணறை. கண்ணறையினின்றே கண்ணறை தோன்றும். கண்ணறைக் கொள்கை இம்மூன்றனுள் அடங்கும்.

இனி, 'மைட்டோகாண்ட்ரியா'. கிரேக்கத்தில் 'மிட்டோசு' என்பது இழை. 'காண்ட்ரியான்' என்பது சிறுமணி. ஈழத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை 'இழைமணி' என்றே வழங்குகின்றன. இழைபோலவும் மணிபோலவும் தோன்றும் உறுப்பு என்பது பெயரிலேயே விளங்கவில்லையா? உணவின் ஆற்றலைக் கண்ணறை பயன்கொள்ளும் வடிவாக மாற்றித் தருவது இவ்வுறுப்பே.

'குரோமா' என்பது நிறம். 'சோமா' என்பது உடல். சாயமேற்றிய போது நிறமேற்றுத் தெரிந்தமையால் 'குரோமோசோம்' என்றனர். தமிழில் அது நிறப்புரி, நிறமேற்கும் புரி. மாந்தன் உடற்கண்ணறையில் பொதுவாக நிறப்புரிகள் 46. அஃதாவது 23 இணைகள்.

மாணவர் பெரிதும் மயங்கும் இடம் கண்ணறைப் பிரிவு. 'மைட்டாசிசு', 'மியாசிசு' என ஒலியளவில் படிப்பவன் ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்கு எழுதுகின்றான். முன்னது இழையுருப் பிரிவு. நிறப்புரிகள் இழைகளாய்த் தோன்றிப் பிரிதலின் அப்பெயர். 46 நிறப்புரிகள் கொண்ட கண்ணறையினின்று 46 கொண்ட கண்ணறைகள் இரண்டு தோன்றும். பின்னது குன்றல் பகுப்பு. 'மியாசிசு' என்னும் கிரேக்கச் சொல்லின் பொருளும் குறைதலே. இங்கு 46 என்பது 23 ஆகக் குன்றும். நான்கு கண்ணறைகள் தோன்றும். ஏன் குன்ற வேண்டும்? தந்தைவழி 23, தாய்வழி 23 கூடினால்தான் குழவிக்கு 46 அமையும். குன்றாவிடின் அடுத்த தலைமுறையில் 92 ஆகிவிடும்! குன்றல் என்னும் ஒரு சொல்லை உணர்ந்தவன் இவ்விடையை மறக்கவும் கூடுமோ?

ஒளிச்சேர்க்கையும் அத்தகையதே. இலையின் பச்சையம் கதிரவன் ஒளியை ஏற்க, கரிவளியும் நீரும் சேர்ந்து சருக்கரை உருவாகின்றது, உயிர்வளி வெளிப்படுகின்றது. உயிர்ப்பு இதன் மறுதலை. சருக்கரையை உயிர்வளி கொண்டு சிதைத்து ஆற்றல் பெறுவது. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் மட்டும் உயிர்ப்பு என எழுதுவோர் பலர். அது பிழை. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். உயிர்ப்போ உயிருள்ளவரை இரவும் பகலும் நிகழும். இவ்விரு பெயர்களும் இவ்வேற்றுமையைத் தாமே சொல்கின்றன.

பண்பறிந்து பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது; புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தது. இற்றை ஒருவித்திலை, இருவித்திலைப் பகுப்பும் அதுவும் முற்றும் ஒன்றல்ல. எனினும் பனையையும் வேம்பையும் வெட்டுவாயில் நோக்கி வேறுபாடு கண்ட கூர்மை அதனுள் உண்டு.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திருத்துவோர் நோக்குவது பாடநூற் சொல்லை. ஆதலின் விடைத்தாளில் அச்சொல்லையே எழுதுதல் வேண்டும். படிக்குங்கால் அதனருகே தூய தமிழ்ச்சொல்லை எழுதி, அச்சொல்லின் பகுதிகளைப் பிரித்து, பொருளைத் தன் சொற்றொடரால் சொல்லிப் பழகுதல் வேண்டும். மதிப்பெண்ணும் குறையாது; அறிவும் வளரும்.

இறுதியாக மெண்டல். 1866இல் அவர் வெளியிட்ட பட்டாணி ஆய்வில், உருண்டை விதைச் செடியும் சுருங்கிய விதைச் செடியும் கலந்த முதல் தலைமுறையில் விதைகள் யாவும் உருண்டையே. சுருக்கம் தொலைந்ததோ? இல்லை. அடுத்த தலைமுறையில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று! ஓங்கு பண்பு வெளிப்பட்டு நிற்க, ஒடுங்கு பண்பு உள்ளே உறைந்திருந்தது. ஒடுங்கியது வேறு; ஒழிந்தது வேறு.

தமிழ் மாணவன் இதனைத் தேர்வுக்காகவும் படிக்க; தன் மொழியின் நிலையை எண்ணியும் படிக்க. அறிவியல் அரங்கில் தமிழ் ஒடுங்கியிருக்கலாம், ஒழிந்துவிடவில்லை. பொருளுணர்ந்து கற்கும் ஒவ்வொரு மாணவனிடத்தும் அது மீண்டும் வெளிப்படும். கற்க! தெளிக! வெல்க!