எஞ்சினின் மூச்சு

மார்கழிக் குளிரில் கரோல் பாக் கடைவீதிவரை மட்டும் காரோட்டுவோர், எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணுரை கண்டு திகைப்பதுண்டு. பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கசியும் வாயுவிலுள்ள நீராவி, சூடேறாத எஞ்சினில் குளிர்ந்து எண்ணெயோடு கலந்ததே அது.

அவ்வாயுவை உறிஞ்சுகுழாயின் வெற்றிடம் இழுத்து எரியவிடும். டர்போவின் அழுத்தம் ஏறும்போது வெற்றிடம் இராது. ஒருவழி வால்வு மூடிக்கொள்ள, வாயு வேறு வழியாக டர்போவின் முன்வாயிலை அடையும். இடையிலுள்ள வடிப்பான் எண்ணெய்த்துளிகளைப் பிரித்துக் கீழே அனுப்பும். பாதை அடைபட்டால் அழுத்தம் மிகுந்து சீல்கள் கசியும்.

குழாயைக் கழற்றி வாயுவை வெளியே விடலாகாது. 2020 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள பாரத் ஆறாம் நிலை விதிகள் அதற்கு இடமளிப்பதில்லை. தில்லிக் காற்றும் தாங்காது.

வாரமொருமுறை நெடுந்தொலைவு ஓட்டி எஞ்சினை நன்கு சூடேற்றுங்கள். அதன்பின்னும் நுரை மறையாவிடில், குளிர்நீர்க் கசிவும் காரணமாகலாம்; தாமதியாது மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.