செய்கூலியும் சேதாரமும் நகைக்கு மட்டும்தானா?

(வீட்டிலிருந்தபடியே பலகாரம், பூமாலை, தையல் எனக் கைத்தொழில் செய்து விற்போர் தங்கள் பொருளுக்கு எப்படி விலை வைப்பது என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நகைக்கடையில் சங்கிலி வாங்கும்போது ரசீதில் என்ன எழுதுகிறார்கள்? தங்கத்தின் எடைக்கு ஒரு விலை, அதன் மேல் செய்கூலி, அதன் மேல் சேதாரம். நாம் கொஞ்சம் பேரம் பேசுவோம். ஆனால் "கூலி எதற்கு, தங்கத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாரும் கேட்பதில்லை. கை வேலைக்குக் கூலி உண்டு, வேலையில் வீணாவதற்கும் கணக்கு உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

அதே நாம் வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கும்போது அந்த இரண்டு வரியையும் மறந்துவிடுகிறோமே, ஏன்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

பால் நிறுத்த இடத்தில் கேட்ட குரல்

நான் ஜாசின் வட்டாரத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாள் முதல் மலாக்கா மண்ணுக்கும் பால்மரத்துக்கும் உறவு. என் அம்மா பால்மரம் வெட்டியவர். மதியம் ஸ்டோரில் பால் நிறுக்கும்போது அவர் தராசை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். கிராணி மெட்ரோலேக் குழாயைப் பாலில் விட்டுப் பார்க்கும்போது எட்டி நின்று எண்ணைப் படிப்பார். கொஞ்சம் குறைந்தாலும், "ஐயா, இன்னொரு தடவை பாருங்க" என்று துணிந்து சொல்வார்.

பின்னர் தோட்டம் செம்பனையாகி, ஒரு பகுதி வீடமைப்புத் திட்டமாகி, நாங்கள் பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். அம்மா தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு விற்க ஆரம்பித்தார். "எவ்வளவும்மா?" என்று யாராவது கேட்டால், "நீங்க பாத்துக் குடுங்க" என்பார். கிராணியிடம் சண்டை போட்ட அதே அம்மாதான்! முதலாளியிடம் கூலி கேட்பது உரிமை, தெரிந்தவரிடம் விலை சொல்வது பேராசை என்று அவர் மனத்தில் பதிந்திருந்தது. இன்று அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் டுரியான் துங்கலிலும் எத்தனையோ அக்காமார்கள் அதே கூச்சத்தோடுதான் விலை சொல்கிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம்

ஓர் எடுத்துக்காட்டு. இதில் வரும் தொகைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஓர் அக்கா ஒரே நாளில் 20 போத்தல் முறுக்குச் செய்கிறார். மாவு, எண்ணெய், மற்றச் சாமான் 120 வெள்ளி. போத்தலும் லேபிளும் 30 வெள்ளி. கேஸ் 10 வெள்ளி. ஆக 160 வெள்ளி. ஒரு போத்தலுக்கு 8 வெள்ளி அடக்கம் என்று எண்ணி, 12 வெள்ளிக்கு விற்கிறார். "போத்தலுக்கு நாலு வெள்ளி, மொத்தம் 80 வெள்ளி லாபம்" என்று மகிழ்கிறார்.

உண்மையில் நடந்தது என்ன? உடைந்ததும் கருகியதுமாக ஒரு போத்தல் அளவு வீணாயிற்று. விற்றது 19 போத்தல், வரவு 228 வெள்ளி. இரவுச் சந்தையில் மேசை வாடகை 40 வெள்ளி. சாமான் செலவு 160 வெள்ளியும் வாடகை 40 வெள்ளியும் போனால் கையில் நிற்பது 28 வெள்ளி. அக்காவும் மகளும் ஆளுக்கு 7 மணி நேரம், மொத்தம் 14 மணி நேரம் அடுப்படியில் நின்றிருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு 2 வெள்ளி!

நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மணிக்குக் கணக்கிட்டால் 8 வெள்ளி 72 காசு. அந்தச் சட்டம் முதலாளியிடம் வேலை செய்பவருக்குத்தான், சொந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. ஆனாலும் அளவுகோலாக அதை வைத்துக்கொள்ளலாமே? வேறொரு முதலாளி நம் மகளுக்கு மணிக்கு 2 வெள்ளி கொடுத்தால் சும்மா இருப்போமா?

சரியான கணக்கு இது. சாமான் 160, வாடகை 40, பதினான்கு மணி நேரச் செய்கூலி 122 வெள்ளி 8 காசு. மொத்தம் 322 வெள்ளி 8 காசு. இதை 20 ஆல் வகுக்கக்கூடாது. விற்கப்போவது 19 போத்தல்தான். அதுதான் சேதாரம். வகுத்தால் போத்தலுக்கு 16 வெள்ளி 95 காசு. இது அடக்கவிலை. இதன் மேல் பத்து விழுக்காடு வைத்தால் ஏறக்குறைய 18 வெள்ளி 65 காசு வரும். முழு எண்ணாக 19 வெள்ளி என்று வைப்போம். அந்த மேலதிகம்தான் பழுதாகும் உரலுக்கும், விலையேறும் எண்ணெய்க்கும், அடுத்த ஆண்டு முதலுக்கும்.

"தேங்காய் நம்ம மரத்தது"

இங்கே ஒரு குரல் எழும். "தேங்காய் நம்ம மரத்தது, முருங்கை நம்ம கொல்லையது, அதுக்கென்ன காசு?"

இதற்குப் பதில் எனக்கு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. என் அக்காள் மகன் கணினியில் இணைய விளையாட்டு ஆடுபவன். அதில் இரும்புத் தாதுவைத் தோண்டி, உருக்கி, வாள் செய்து, மற்ற ஆட்டக்காரர்களிடம் விற்கிறார்கள். ஒரு நாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "மாமா, ஒரு வாளுக்கு வேண்டிய தாதுவை அப்படியே வித்தா நூறு காசு. அதையே வாளாச் செஞ்சு தொண்ணூறுக்கு விக்கிறாங்க. கேட்டா, தாது நானே தோண்டினது, ஓசிதானேங்கிறாங்க."

சிந்தித்துப் பாருங்கள். அந்த ஆட்டக்காரர் உழைப்பையும் போட்டுப் பத்துக் காசையும் தொலைத்திருக்கிறார். நம் மரத்துத் தேங்காயை அண்டை வீட்டார் விலை கொடுத்து வாங்குவார் என்றால், அதை முறுக்கில் போட்ட அன்று அந்த விலையை நாம் செலவழித்துவிட்டோம் என்றே பொருள். இந்தச் சந்தைகளை விளையாட்டு என்று ஒதுக்கவும் முடியாது. ஐஸ்லாந்து நாட்டின் 'ஈவ் ஆன்லைன்' என்ற விளையாட்டை நடத்தும் நிறுவனம், 2007-இல் அந்த விளையாட்டின் சந்தையைக் கவனிக்கவென்றே பொருளாதார அறிஞர் ஒருவரை வேலைக்கு அமர்த்தியது. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் ஏலக்கடையில் விற்ற பொருளுக்குக் கழிவு பிடிக்கிறார்கள். அதையும் சேர்த்து விலை வைக்காதவர் அங்கே நட்டப்படுகிறார். ஷாப்பியிலும் டிக்டாக் கடையிலும் விற்கும் நம் சகோதரிகளுக்கும் இதே பாடம்தான். கழிவு எவ்வளவு, அஞ்சல் செலவு யாருடையது என்று பார்த்த பிறகே விலையைப் போடுங்கள்.

குறைத்து விற்பதால் யாருக்குக் கேடு?

அந்தப் பையன் இன்னொன்றும் சொன்னான். சிலர் தொழில் பழகுவதற்காகவே வாள் செய்கிறார்கள். அவர்களுக்குக் காசு முக்கியமில்லை. கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதனால் அந்தத் தொழிலையே நம்பியவர் விற்கமுடியாமல் நிற்கிறார்.

நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. ஓய்வூதியம் வரும் ஒருவர் பொழுதுபோக்காக லட்டுப் பிடித்து அடக்கவிலைக்குக் குறைவாகக் கொடுக்கிறார். நல்ல மனம்தான். ஆனால் அதே அடுக்குமாடியில் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒரு தாய் அதே லட்டைத்தான் விற்கிறார். வாங்குபவர்கள் அவரிடம் வந்து, "அங்கே பத்து வெள்ளிதானே, நீங்க ஏன் பதினஞ்சு?" என்கிறார்கள். வசதியுள்ளவர்களை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்வது இதுதான்: விற்பதானால் ஊர் விலைக்கே விற்று, மிஞ்சுவதைத் தமிழ்ப்பள்ளிக்கோ கோயிலுக்கோ கொடுங்கள். தருமமும் நடக்கும், இன்னொருவர் பிழைப்பும் கெடாது.

"ஒரு வெள்ளிதானே" என்று குறைப்பவர்களும் கணக்கைப் பாருங்கள். அடக்கம் 16.95, விலை 19 என்றால் மிச்சம் 2.05. விலையை 18 ஆக்கினால் மிச்சம் 1.05. பழைய லாபத்தைப் பார்க்க ஏறக்குறைய இரண்டு மடங்கு விற்கவேண்டும். அதற்கு இன்னும் எத்தனை இரவு கண்விழிப்பது?

வாங்குபவருக்கும் நியாயம் வேண்டும்

அப்படியானால் வாய்க்கு வந்த விலையைச் சொல்லலாமா? கூடாது. அடக்கவிலை என்பது தரை. அதற்குக் கீழே இறங்கினால் நட்டம். கூரை எங்கே இருக்கிறது என்பதை வாங்குபவர்தான் சொல்வார். மலாக்கா லிட்டில் இந்தியாவிலும் செங் சன்னாசிமலை மாசிமகத் திருவிழாக் கடைகளிலும் நடந்து பாருங்கள். கடைக்காரர் கேட்கும் விலை வேறு, சரக்கு உண்மையில் விற்ற விலை வேறு. இரண்டாவதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் தரையை விட ஊரின் கூரை தாழ்ந்திருந்தால், அந்தப் பலகாரத்தை விட்டு வேறொன்றைச் செய்யுங்கள். அழுதுகொண்டே சுடுவதில் பயனில்லை.

"விலை கூடுதலாக இருக்கிறதே" என்பவருக்குச் சிறிய போத்தலைக் காட்டுங்கள். பெரிய போத்தலில் கமுக்கமாக அளவைக் குறைக்காதீர்கள். மாலை கட்டுபவர்கள் முன்பணம் வாங்குங்கள், விற்காத பூ மறுநாள் வாடிப்போகும். ரவிக்கை தைப்பவர்கள் துணியைத் தொடும் முன்பே கூலியைச் சொல்லிவிடுங்கள். விலைச்சீட்டு வைப்பது சட்டம். அது நம் கூச்சத்துக்கும் மருந்து, வாயால் சொல்லத் தயங்கும் விலையைத் தாள் சொல்லிவிடும். 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டத்தை எண்ணி அஞ்சுபவர்களுக்கும் எழுதிவைத்த கணக்கே காவல்.

இந்த ஊருக்கு விலை நியாயம் புதிதல்ல. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த தோமே பீரெஸ் என்ற போர்த்துகீசியர், கப்பல் சரக்கு வந்ததும் பத்து, இருபது வணிகர்கள் கூடிப் பேசி விலை முடித்துப் பங்கிட்டுக்கொண்டதை எழுதிவைத்திருக்கிறார். அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் தெருவுக்குப் பெயரே துக்காங் எமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு. செய்கூலி கேட்டு வாங்கியவர்களின் தெரு அது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்று இரவு ஒரு தாளை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். பொருள் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு. எங்கள் அம்மாவுக்கு நான் இதை எழுதிக் காட்டியது அவரது அறுபத்திரண்டாவது வயதில். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இத்தனை வருசமும் நானே எனக்குக் குறைச்சு நிறுத்திருக்கேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி உங்கள் வீட்டில் அவ்வளவு தாமதமாக எழவேண்டாம்.