சமையலறைச் சீரமைப்பும் செலவுத் திட்டமும்

டில்லியில் நெடுங்காலம் அரசாங்கக் குடியிருப்புகளில் வசித்துவிட்டு, சேமிப்பைக் கொண்டு சொந்த வீடு வாங்கும் நம்மவர், சமையலறையைச் சீரமைக்கும் வேலையை வாய்மொழியாகவே பேசி முடித்துவிடுகிறோம். அரைகுறை இந்தியில் முடிந்த பேச்சு பூசலில் முடிகிறது. ஆகையால், சுவரை இடிக்குமுன் யாவற்றையும் எழுதிக்கொள்ளுதல் நலம்.

அலமாரிகளுக்கு ஒருவர் ரன்னிங் அடிக்கும், மற்றொருவர் சதுர அடிக்கும் விலை கூறுவர். ஒரே வரைபடத்தை மூவரிடம் தந்து, குழாய், மின்கம்பி, ஓடு, மேடைக்கல், அலமாரி, கூலி எனத் தனித்தனியே விலை எழுதி வாங்கினாலன்றி ஒப்பிடுதல் இயலாது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்போமாக. துருவேறிய பழைய குழாய், சுவரை உடைத்த பின்னரே கண்ணிற்படும்.

கீர்த்தி நகர் மரக்கடைகளில் பிளைவுட் வாங்குவோர், தொட்டியின் கீழ் வைப்பதற்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதைக் கேட்டல் வேண்டும். அதன் பசை கொதிநீரிலும் விடாது. மாவரைக்கும் கிரைண்டருக்குரிய இடத்தையும் பிளக்கையும் வரைபடத்திலேயே குறித்தல் அவசியம். வடநாட்டுத் தச்சர் அதனை எதிர்பார்த்திரார்.

முன்பணம் சிறிதாகவும், பிற தொகை வேலைக்கேற்பத் தவணையாகவும் அமைக. இறுதித் தவணை, நீர்விட்டுச் சோதித்த பின்னரே. எழுத்து நம் சேமிப்பைக் காக்கும். தொழிலாளரின் கூலியையும் காக்கும்.