பாப்லரின் வரிக்கணக்கு



ஏழைக்கு நோய் வந்தால் செலவை யார் தாங்குவது? இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்து இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டியது. நன்கொடையில் நடந்த மருத்துவமனைகள் இருந்தன. அங்கே நோயாளியின் குடும்ப வருமானத்தை விசாரிக்கவே தனி அலுவலர் இருந்தார். அங்கும் இடம் கிடைக்காதவருக்கு, ஏழையர் சட்டத்தின் கீழ் நடந்த ஒர்க்ஹவுஸ் என்னும் ஏழையர் இல்லத்தின் மருத்துவ விடுதிதான் கதி. வேலையற்றவர் பலருக்கு வயிறு நனைக்கக் கிடைத்த உதவித்தொகையும் அதே வாசலில்தான். ஏழையர் சட்ட உதவிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அந்தந்த வட்டாரத்து வீட்டுவரியிலிருந்து!

இதிலுள்ள அநியாயத்தைப் பாருங்கள். கிழக்கு லண்டனில் பாப்லர், துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. அங்கே வேலையற்றோர் பெருகினால் உதவிச் செலவும் பெருகும். அதைக் கட்டவேண்டியவர்களும் அதே தெருக்காரர்கள்தான். செல்வம் கொழித்த வெஸ்ட்மின்ஸ்டருக்கோ அந்தச் சுமை இல்லை.

1921-இல் பாப்லர் வட்டார மன்றம் பொறுத்தது போதும் என்றது. மன்ற உறுப்பினர் ஜார்ஜ் லான்ஸ்பரி முன்னிற்க, லண்டன் கவுன்ட்டி மன்றம், காவல்துறை முதலியவற்றுக்காக வசூலிக்கவேண்டிய வரியை வசூலிக்கவே மறுத்தார்கள். நீதிமன்றம் ஆணையிட்டது, பணியவில்லை. 30 உறுப்பினர்கள் சிறை புகுந்தார்கள்: ஆண்கள் பிரிக்ஸ்டனில், பெண்கள் ஹாலோவேயில். அவர்களில் நெல்லி கிரசால் நிறைமாதக் கர்ப்பிணி! சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டம் நடத்தினார்கள், நண்பர்களே. சுமார் ஆறு வாரத்தில் கதவு திறந்தது. ஏழையர் உதவிச் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ள அந்த ஆண்டே சட்டம் வந்தது. சிறை சென்றவர்களில் ஒருவரான மின்னி லான்ஸ்பரி 1922 புத்தாண்டு நாளில், 32 வயதில் மறைந்தார். அந்தப் பெயரை நம் பிள்ளைகள் அறியவேண்டும் என்பது என் ஆசை.

பிறகு 1929-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. 1930 ஏப்ரலில் ஏழையர் சட்டத்தை நடத்திய பழைய வாரியங்கள் ஒழிந்து, அவற்றின் மருத்துவ விடுதிகள் கவுன்ட்டி மன்றங்களின் கைக்கு வந்தன. கொடுமை தீர்ந்ததா? இல்லை. 1931-இல் வந்த வருமானச் சோதனை, மகன் சம்பாதிக்கிறான் என்று தகப்பனின் உதவித்தொகையில் கைவைத்தது. வீட்டுக்குள் புகுந்து கணக்குக் கேட்கும் உதவியை நான் உதவி என்று சொல்லமாட்டேன்.

ஆனால் 1938-இல் லண்டனின் ஃபின்ஸ்பரியைப் பாருங்கள்! காசநோய், பல், தாய்சேய் நலம் எல்லாவற்றுக்கும் ஒரே கூரையின் கீழ் ஒரு சுகாதார நிலையம், கட்டடக்கலைஞர் லுபெட்கின் வடிவமைத்தது. ஒரு சிறிய வட்டார மன்றம் கட்டியது அது. அதற்கு முன்னின்ற சுகாதாரக் குழுத் தலைவர், பஞ்சாபில் பிறந்த மருத்துவர் சுனிலால் கத்தியால். அதே ஆண்டு ஃபின்ஸ்பரி மன்றம் அவரைத் தன் மேயராகவும் ஆக்கிக்கொண்டது. அவருக்கு இந்த அவையின் வணக்கம்!