தட்டில் வைக்கும் பூவும் தள்ளி வைக்கும் பூவும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பங்குனி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாடித்தோட்டம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தக்காளி, கத்தரி, கீரை பற்றியெல்லாம் முன்பே பலர் பேசிவிட்டார்கள். அதனால் நான் பூவை எடுத்துக்கொண்டேன். தலையில் வைக்கும் பூ அல்ல, சாமிக்குச் சாத்தும் பூவும் அல்ல. வாயில் போடும் பூ.

“பூவையா சாப்பிடுவார்கள்?” என்று முகம் சுளிப்பவர்கள் நேற்று என்ன சமைத்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். காலிஃபிளவர் விரியாத பூங்கொத்து. பிரியாணியில் போடும் கிராம்பு காயவைத்த மொட்டு. பாலில் கரைக்கும் குங்குமப்பூ, ஒரு பூவின் நடுவிலிருக்கும் சூலகமுடி. ஆனால் அன்னாசிப்பூ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அது பூவே இல்லை, காய். பெயரை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பின்னால் இது தேவைப்படும்.

“ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்ற பழமொழியைக் கேலிக்குத்தான் சொல்கிறோம். நம் பகுதிக்கு அது பொருந்தாது. மூங்கில்துறைப்பட்டில் ஒரு கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, கச்சிராயபாளையத்தில் இன்னொன்று. ஆனால் பழமொழியின் நேர்ப்பொருளை யாரும் கவனிப்பதில்லை. இலுப்பைப்பூ உண்மையாகவே இனிக்கும். சதைப்பற்றான சின்னப் பூ, கோடை தொடங்கும்போது விடியற்காலையில் தானாக உதிரும். பொறுக்கிக் காயவைத்தால் உலர்திராட்சை மாதிரி சுருங்கும். மத்திய இந்தியாவில் இதன் நெருங்கிய உறவான மரத்துப் பூவை மஹுவா என்பார்கள். அங்குள்ள பழங்குடி மக்கள் அதைச் சேமித்து வைத்து உணவாகவும் சாராயமாகவும் ஆக்குகிறார்கள். நம் பக்கம் இலுப்பையைக் கோயில் விளக்கு எண்ணெய்க்காக மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பூவைப் பழமொழிக்கு விட்டுவிட்டோம்.

இலுப்பை பெரிய மரம், நம் வளாகத்தில் வைக்க முடியாது. நம்மிடம் இருப்பதைப் பார்ப்போம்.

இப்போது பருவம் வேப்பம்பூவுக்கு. சித்திரை முதல் நாள் பச்சடிக்காகக் கடையில் பொட்டலம் வாங்குகிறோம். மரமோ நம் சுற்றுச்சுவர் ஓரத்திலேயே நிற்கிறது. மரத்தில் ஏற வேண்டாம், கிளையை உலுக்கவும் வேண்டாம். இரவு மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் காலையில் பூ அதில் இருக்கும். காம்பும் தூசியும் போகப் புடைத்து, தண்ணீரில் ஒரு முறை அலசி, நிழலில் காயவைக்க வேண்டும். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், மணம் போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் போட்டால் அடுத்த சித்திரை வரை வரும். ரசத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்து, ரசத்தை இறக்கிய பிறகு மேலே தூவுங்கள். கொதிக்கும்போது போட்டால் கசப்பு முழுவதும் ரசத்தில் இறங்கிவிடும். பிறகு “வேப்பம்பூ ரசம் கசக்கிறது” என்று என்னிடம் வராதீர்கள்.

வாழைப்பூவைப் பற்றி ஒரு சந்தேகம் அடிக்கடி வருகிறது. பூவை ஒடித்தால் தார் கெட்டுவிடாதா? கெடாது. மேலே உள்ள பூக்கள்தான் சீப்புகளாகின்றன. கடைசிச் சீப்பு விரிந்த பிறகு கீழே தொங்கும் பூவிலிருந்து காய் வராது. அதை ஒடித்துவிட்டால் மரத்தின் சத்து காய்களுக்குப் போகும். வாழை வைத்திருக்கும் விவசாயிகள் எல்லோரும் செய்வதுதான். நம் பின்புறச் சுவரோரம் இருக்கும் 4 வாழைகளில் பூ கறுத்துக் காய்ந்து தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஆய்வதற்கு நேரமாகும், உண்மைதான். ஒவ்வொரு பூவிலும் கள்ளன் என்கிற அந்த விறைப்பான நரம்பையும், கண்ணாடி போன்ற சின்னச் செதிலையும் எடுக்க வேண்டும். அவை வேகாது. நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே ஆய்ந்தால் அரை மணி நேரம். தொலைக்காட்சித் தொடர் ஒன்று போதும்.

அகத்திப்பூ கொடிக்கால் இருக்கும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெற்றிலைக் கொடி ஏறுவதற்காக அகத்தியை நடுவார்கள். வெள்ளைப் பூவை நடுத்தண்டு நீக்கிப் பொரியல் செய்யலாம். முருங்கைப்பூ எல்லோருக்கும் தெரிந்தது. பாசிப்பருப்போடும் சேரும், முட்டையோடும் சேரும். பூவைப் பறித்தால் காய் குறையும் என்பதால் உதிர்ந்து கிடக்கும் புதுப் பூவைப் பொறுக்குவார்கள். உப்புத் தண்ணீரில் போட்டு எடுங்கள், உள்ளே குட்டிப் பூச்சிகள் இருக்கும்.

பூசணிப்பூவை நம்மவர்கள் மார்கழியில் சாணத்தின் மேல் வைப்பதோடு விட்டுவிடுகிறோம். வங்காளிகள் மாவில் தோய்த்துப் பொரித்துச் சாப்பிடுகிறார்கள். நம் வாழைக்காய் பஜ்ஜிக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பூவுக்கு அடியில் சின்னக் காய் மாதிரி இருந்தால் பெண். வெறும் நீளக் காம்பு மட்டும் இருந்தால் ஆண். ஆண் பூவை மட்டும் பறியுங்கள். அதிலும் இரண்டு மூன்றைக் கொடியில் விடுங்கள், இல்லாவிட்டால் தேனீ வந்தும் காய் பிடிக்காது.

பால்கனி மட்டுமே உள்ளவர்கள் சங்குப்பூவில் தொடங்கலாம். விதையை ஓர் இரவு ஊறவைத்து 12 அங்குலத் தொட்டியில் போடுங்கள். செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. 5, 6 மணி நேரம் வெயில் வேண்டும். கம்பிக் கிராதியில் தானே ஏறிக்கொள்ளும். நீலப் பூ ஐந்தாறைக் கொதித்த நீரில் போட்டால் நீலம் இறங்கும், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். பேரப்பிள்ளைகளை 10 நிமிடம் கைப்பேசியிலிருந்து பிரிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மலேசியாவில் இந்தப் பூவால் சோற்றுக்கே நிறம் ஏற்றுகிறார்கள். பூ மட்டும்தான். வேரும் விதையும் வயிற்றைப் போக்கும்.

செம்பருத்தியில் அடுக்கு இல்லாத ஐந்திதழ்ப் பூ நல்லது. இதழை மட்டும் எடுத்துக்கொண்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டையும் அடியிலுள்ள பச்சைப் பகுதியையும் நீக்குங்கள். எந்தப் பூவானாலும் மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தரும். முதல் முறை ஒன்றிரண்டு இதழோடு நிறுத்தி, மறுநாள் வரை பாருங்கள். பன்னீர் ரோஜாவில் குல்கந்து செய்ய இதழும் கற்கண்டும் அடுக்கி வெயிலில் வைத்தால் போதும், பிறகு தேன் சேர்க்கலாம். செண்டுமல்லி இதழைச் சாதத்தில் தூவலாம். முட்டையின் மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் வரக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதும் செண்டுமல்லிச் சாறுதான்.

ரோஜா என்றதும் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பூக்கடையில் அரைக் கிலோ வாங்கிவிடாதீர்கள். சந்தைப் பூ சூடுவதற்கும் சாத்துவதற்கும் விளைவிப்பது. மல்லிகையில் மொட்டுப்புழு, ரோஜாவில் இலைப்பேன் என்று அடிக்கடி மருந்து அடித்தால்தான் விவசாயிக்குப் பூ கைக்கு வரும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் அதைச் சாப்பாட்டுக்காக விற்கவில்லை. காய்கறிக்கு மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தினம் பறிக்கும் பூவில் அந்தக் கணக்குக்கு இடமேது? நர்சரியில் புதிதாக வாங்கி வந்த செடிக்கும் இதே கதைதான். வாங்கும்போது இருக்கும் பூவையும் மொட்டையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதம் உங்கள் கையில் வளர்ந்து புதிதாகப் பூத்த பிறகு பறியுங்கள்.

வங்கியில் இருந்த காலத்தில் கணக்குத் தொடங்க வருபவரிடம் பெயர், முகவரி, வரவு வந்த வழி என்று கேட்போம். கே.ஒய்.சி. என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். பூவிடமும் மூன்றும் கேட்கலாம். இதன் பெயர் என்ன? எங்கே வளர்ந்தது? இதன்மேல் என்ன தெளிக்கப்பட்டது? ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் கணக்குத் திறக்க வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் பூங்காவில் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சட்டியில் இளஞ்சிவப்புப் பூவும் நீளமான இலையும். “தாத்தா, கூட்டு சாப்பிடுங்க” என்று நீட்டினார்கள். அது அரளி. கையைக் கழுவ வைத்தேன், யாரும் வாயில் வைக்கவில்லை என்று கேட்டு உறுதி செய்தேன். அவர்கள் மேல் தவறில்லை. செம்பருத்திக்குப் பக்கத்திலேயே அரளியை வைத்திருப்பது நாம்.

அரளியின் பூ, இலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் நஞ்சு போகாது. நான்கு வழிச் சாலைகளின் நடுத்திட்டில் இதை வைப்பதற்கு ஒரு காரணமே ஆடு மாடு மேயாது என்பதுதான். 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் இறப்புக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபின், திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்தியது. காலங்காலமான வழக்கத்தையே ஒரு கோயில் நிர்வாகம் மாற்றிக்கொள்ளும்போது, நாம் ஒரு செடியை இடம் மாற்றுவது பெரிய வேலையல்ல.

மஞ்சள் அரளியும் நஞ்சு. பால்கனிகளில் பருத்த அடித்தண்டோடு அழகாக நிற்கும் அடீனியமும் அதே குடும்பம், அதே குணம். ஊமத்தை சொல்லவே வேண்டாம். நித்தியகல்யாணியைச் சர்க்கரைக்கு நல்லது என்று காலையில் மெல்லும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. அதிலிருந்து புற்றுநோய்க்கான ஊசி மருந்துகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட செடியை அளவு தெரியாமல் மெல்லலாமா?

விடுமுறையில் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை பார்த்துவிட்டு, வெள்ளிமலைக்கு ஏறிக் கல்வராயன் மலை அருவிகளுக்குப் போவோம். மழைக்காலத்தில் புதர்களின் மேல் கொடியேறி, நெருப்புச் சுடர் மாதிரி ஒரு பூ தெரிந்தால் அது செங்காந்தள். நம் மாநிலப் பூ. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலில் வருவதும் அதுதான். ஆனால் அந்தப் பெண்கள் பறித்துக் குவித்தது சூடிக்கொள்ள, சமைக்க அல்ல. கிழங்கிலிருந்து விதை வரை அதில் கடும் நஞ்சு. படம் எடுத்துக்கொள்ளுங்கள், கிழங்கைத் தோண்டி வராதீர்கள்.

நஞ்சுப் பூவைக் கண்டுபிடிக்கப் பொதுவான சோதனை எதுவும் கிடையாது. எறும்பு மொய்க்கிறது, தேனீ வருகிறது, மணமாக இருக்கிறது என்பதெல்லாம் சாட்சியாகாது. யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்தச் செடியின் ஒரு கிளையையும் கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

ஆவாரம்பூ பற்றி இங்கே இருக்கும் என் வயதுக்காரர்கள் கேட்பார்கள் என்று தெரியும். மலையடிவாரத்திலும் வறண்ட நிலங்களிலும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. பருப்போடு கூட்டு வைக்கலாம், காயவைத்துத் தேநீர் போடலாம். சாலையோரப் புழுதியில் நிற்பதைப் பறிக்காமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பறியுங்கள். ஆனால் ஆவாரந்தேநீரை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது வேறு விஷயம். மாத்திரையோடு சேர்த்துத் தினமும் குடித்தாலும் சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கக்கூடும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குடியுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் செம்பருத்தித் தேநீருக்கு முன்னால் இதையே செய்யலாம். உணவாக எப்போதாவது ஒரு பிடி, மருந்தாகத் தினமும் ஒரு டம்ளர், இரண்டும் ஒன்றல்ல.

சங்கத்துக்கு எனக்கு மூன்று வேண்டுகோள் உண்டு. குழந்தைகள் விளையாடும் பக்கமுள்ள அரளியை வெளிச்சுவர் ஓரத்துக்கு மாற்றுங்கள். பொதுத் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் நாளையும் மருந்தின் பெயரையும் முந்தின நாளே அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். முடிந்த இடத்தில், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் தெளிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒவ்வொரு செடிக்கும் ஒரு பெயர்ப் பலகை. தின்னலாமா கூடாதா என்பதும் அதில் இருக்கட்டும். எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், கையெழுத்து இன்னும் மோசமாகிவிடவில்லை.

கீழே அலுவலக அறையில் நீலச் சங்குப்பூ விதை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பத்து விதை எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பம்பூவுக்கு நாளைக் காலை 6 மணிக்குக் கிழக்குச் சுவரோர மரத்தடியில் வேட்டியோடு இருப்பேன். முறம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.