குழந்தை திரும்பி உங்க முகத்தைப் பார்க்குதா?



சாவி கொடுத்தால் சத்தம் போட்டு ஓடும் பொம்மையை ஒரு வயதுக் குழந்தை முன்னால் விட்டுப் பாருங்க. முதலில் பொம்மையைப் பார்க்கும். அடுத்த நொடி திரும்பி உங்க முகத்தைப் பார்க்கும். "தொடலாமா, பயப்படணுமா?" என்று கேட்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே வரும் கேள்வி இது. நீங்க சிரித்தால் கிட்டே போகும். முகம் மாறினால் பின்வாங்கி உங்க காலைக் கட்டிக்கொள்ளும்.

இதை 1985-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சோர்ஸ், ஜோசப் கேம்போஸ் குழுவினர் சோதித்தார்கள். கண்ணாடி பதித்த மேசை. பாதி தூரத்தில் கண்ணாடிக்கு அடியில் சுமார் 30 செ.மீ. பள்ளம் தெரியும். விழ வாய்ப்பே இல்லை. ஆனால் தவழ்ந்து வரும் குழந்தைக்குத் தயக்கம் வரும். எதிர்முனையில் அம்மா. பேசக் கூடாது, முகம் மட்டும்தான். அம்மா மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பள்ளத்தைக் கடந்தன. பயம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூடக் கடக்கவில்லை!

1992-ல் மரியன் சிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னொன்று. பெரியவர் ஒருவர் வலிப்பது போல நடித்தார். மற்ற குழந்தைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் அவரைக் குறைவாகவே பார்த்தார்கள், பொம்மையிலேயே கவனமாக இருந்தார்கள். "அப்போ பாசம் இல்லையா?" என்று கேட்பீங்க. அப்படி இல்லவே இல்லை. கவனம் போகும் இடம் வேறு, அவ்வளவுதான்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விப் பட்டியல் உண்டு. புதிதாக ஏதாவது நடந்தால் குழந்தை உங்க முகத்தைப் பார்க்கிறதா என்பது அதில் ஒரு கேள்வி. மதிப்பெண் 3 முதல் 7 வரை வந்தால் கூடுதலாக விசாரிப்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் போனால் நேராக நிபுணரிடம். இது நோயறிதல் அல்ல, சல்லடை மட்டும். ஒரே ஒரு கேள்விக்கு 'இல்லை' என்றால் பயப்பட வேண்டாம். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கவனிங்க. அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 5-ல் ஒன்றுக்கு வருகிறது.

குழந்தை திரும்பும்போது நம்ம கண் போனில் இருந்தால், அது பார்த்ததே நமக்குத் தெரியாது. அதுக்காக 'நீ போன் பார்த்ததாலதான்' என்று எந்த அம்மாவையும் பழி சொல்லாதீங்க. "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று பெரியவங்க சொல்வாங்க. அதைக் கேட்டுக் காத்திருந்தே மூன்று வயது, நான்கு வயது ஆகிவிடும். மூளை வேகமாக வளரும் காலம் அதுதான்.

சந்தேகம் வந்தால் அங்கன்வாடி பணியாளரிடம் கேளுங்க. ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வரவேண்டும். அவர்கள் டி.இ.ஐ.சி. என்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனை இலவசம். வழி தெரியாவிட்டால் 104-க்கு அழையுங்க. ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. உறுதியான பிறகு யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அட்டை வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

போகும்போது போனில் இரண்டு வீடியோ எடுத்துட்டுப் போங்க. ஒன்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, இன்னொன்று புதுப் பொம்மையைக் காட்டும்போது. புது இடத்தில் குழந்தை அழுதுகொண்டே இருக்கும். வீட்டில் எப்படி இருக்கிறது என்று மருத்துவருக்கு அதில் தெரியும்.