கால் வாய் நோயும் பட்டிக் காவலும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



பெரும்போகத்துக்கு வயலுழுது விதைக்குங் காலம் நெருங்கியதும், படுவான்கரை ஊர்களின் மாட்டுப் பட்டிகள் மேற்கேயுள்ள மயிலத்தமடு, மாதவனை முதலிய மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படுகின்றன. வேளாண்மையை மாடு மேயாது காப்பதற்கு இவ்வழக்கம் இன்றியமையாதது. ஆனால், பல ஊர்ப் பட்டிகள் ஒரே பாதையால் நடந்து, ஒரே மடுவில் நீர் குடித்து, ஒரே தரையில் மூக்கோடு மூக்கு உரச மேயும் காலமும் இதுவே. தரை குறுகுந்தோறும் இந்நெருக்கம் மிகும். தொற்று நோய்க்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை. ஆதலால், இன்று பசளையையும் பூச்சி புழுக்களையும் ஒருபுறம் வைத்து, கால் வாய் நோயைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

நெல்லும் கத்தரியும் செய்பவனுக்கு மாட்டு நோய்ப் பேச்சு எதற்கு என்று ஒருவர் வினவலாம். வயலில் விளைவு இல்லாத மாதங்களில் பாற்காசும் தயிர்க்காசுமே பல வீடுகளைத் தாங்குகின்றன. எழுவான்கரை மணலில் மிளகாயும் கத்தரியும் செழிப்பது படுவான்கரைப் பட்டியெருவினாலேயாம். பட்டி படுத்தால் தோட்டமும் படும்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. அது மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகிய பிளவுபட்ட குளம்புடைய விலங்குகள் யாவற்றையும் பற்றும். தொற்றிய 2 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் காணும். பின்னர் வாயிலிருந்து நூல் நூலாக உமிழ்நீர் வடியும். மாடு உதட்டைச் சப்புக்கொட்டும் ஓசை எழும். நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் மடிக்காம்பிலும் கொப்புளங்கள் தோன்றி உடைந்து புண்ணாகும். வளர்ந்த மாடு பெரும்பாலும் இறப்பதில்லை. இதனாலேயே பலர் இதனைச் சிறு நோயென எண்ணி விடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. பாலுண்ணும் கன்றுகளில் இந்நோய் இருதயத்தைத் தாக்குவதால், கொப்புளம் தோன்று முன்னரே அவை திடீரென வீழ்ந்திறக்கும். சினை மாடு கன்று வீசுதலும் உண்டு. தப்பிய பசுவிற் பால் முன்போற் சுரவாது. சில மாடுகள் வெயில் தாங்காது மூச்சு வாங்கிக்கொண்டே காலங் கழிக்கும்.

நோய் வெளிப்படுமுன்னரே மாடு கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடும். மூச்சு, உமிழ்நீர், பால், சாணம், சலம் எல்லாவற்றிலும் அது உண்டு. அன்றியும், குணமான மாட்டின் தொண்டையில் அது மாதக் கணக்காக, சிலவேளை ஆண்டுக் கணக்காகவும் தங்கியிருக்கும். கிருமி நடப்பதற்கு மாட்டின் கால் மட்டுமே வேண்டுமென்பதும் இல்லை. இதற்கு ஒரு குதிரை நோயின் வரலாறு நல்ல சான்று.

2007 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவுஸ்திரேலியாவில் குதிரைகளுக்கு இன்புளுவென்சாக் காய்ச்சல் கண்டது. அந்நாட்டில் அதற்கு முன் அந்நோய் இருந்ததில்லை. பிறநாட்டிலிருந்து வந்த குதிரைகளைச் சிட்னி நகருக்கு அண்மையில் தனியே அடைத்துத்தான் வைத்திருந்தனர். எனினும், நிலையத்துள் சென்று வந்த ஆளின் உடலிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டிக் கிருமி வெளியேறியிருத்தல் வேண்டுமென்பது பின்னர் நடந்த விசாரணையின் முடிவு. சில கிழமைகளுக்குள் நோய் ஆயிரக்கணக்கான இடங்களுக்குப் பரவியது. அரசு குதிரைகளின் நடமாட்டத்தை நிறுத்தியது, தடுப்பூசியும் இடப்பட்டது. அவ்வாண்டு டிசம்பருக்குப் பின் புதிய நோய் காணவில்லை. அடுத்த ஆண்டு, 2008 இல், இந்தியாவின் கத்ராவில் யாத்திரிகரைச் சுமக்கும் குதிரைகளிலும் கோவேறு கழுதைகளிலும் அதே நோய் தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. குதிரையின் நோய் வேறு, மாட்டின் நோய் வேறு. ஆயினும், பரவும் வழியும் தடுக்கும் வழியும் பெரிதும் ஒன்றே.

நம் பட்டிகளுக்குட் சென்று வருவோர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். பால் எடுப்பவர் ஒரு பட்டியிலிருந்து மறு பட்டிக்கு அதே பாத்திரத்துடன் செல்கிறார். மாட்டு வியாபாரி நாளொன்றுக்குப் பல ஊர் ஏறி இறங்குகிறார். எரு ஏற்றும் உழவு இயந்திரப் பெட்டி சாணச் சேற்றோடு அடுத்த ஊருக்குப் போகிறது. இவர்களைத் தடுக்க முடியாது. ஆனால் பட்டி வாயிலில் நிறுத்தலாம். 10 லீற்றர் நீரில் 400 கிராம் சலவைச் சோடாத் தூளைக் கரைத்து வைத்து, முதலில் சேற்றைக் கழுவிய பின், காலையும் சில்லையும் அக்கரைசலில் நனைக்கச் செய்யுங்கள். சேறு போகாமல் மருந்து தெளிப்பதிற் பயனில்லை.

அடுத்தது கண்காணிப்பு. மேய்ச்சலுக்கு விடுமுன் மாடுகளை ஒவ்வொன்றாக வாயில் வழியே விட்டு எண்ணுங்கள். பின்தங்குவது எது, கால் உதறுவது எது, அசை போடாதது எது என்று பார்க்க இதுவே சமயம். ஒவ்வொரு நாளும் கறந்த பாலின் அளவை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பட்டியின் மொத்தப் பால் காரணமின்றிக் குறையுமாயின் அதுவே முதல் எச்சரிக்கையாகும். மேய்ச்சல் தரையில் மாடு பார்ப்பவரிடமும் இதனைச் சொல்லி வையுங்கள். நோயை முதலிற் காண்பவர் உடையவரல்லர், அவரே.

நோயென ஐயம் எழுந்தால் அன்றைய தினமே அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். உடையாத கொப்புளத்தின் தோலே பரிசோதனைக்கு ஏற்றது. காலந் தாழ்த்தினால் அது கிடையாது. நோய்ப்பட்ட மாட்டை அரை விலைக்கு விற்றுத் தப்பிக்கொள்வோர் சிலர் உளர். அவர்கள் விற்பது மாட்டை அன்று, அயலானின் பட்டியை. நோய் கண்ட பட்டியில் மாடு வாங்குதல், விற்றல், பொதுத் தரைக்குச் சாய்த்தல் ஆகியவற்றை வைத்தியர் சொல்லும் வரை நிறுத்துக.

இந்த வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. புண்ணை இளஞ்சிவப்பாகக் கரைத்த கொண்டிசுத் தண்ணீராற் கழுவி, குளம்பிடுக்கில் ஈ மொய்த்துப் புழு வையாதபடி வேப்பெண்ணெய் பூசுங்கள். இளம் புல்லும் ஆறிய கஞ்சியும் கொடுங்கள்; சேறில்லாத மேட்டு நிலத்திற் கட்டுங்கள். நோய்ப் பசுவின் பாலைக் கன்றுக்கு ஊட்டலாகாது. கடையில் ஊசி மருந்து வாங்கித் தாமே குத்துவது வீண் செலவு.

காப்பது தடுப்பூசியே. முதல் ஊசியின் பின் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மறு ஊசியும், அதன்பின் வைத்தியர் குறிக்கும் காலத்தில், பொதுவாக ஆறு மாதத்துக்கொருமுறையும் இடவேண்டும். ஊசி இட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது. இரண்டு கிழமையேனும் செல்லும். ஆகையால், பட்டியைச் சாய்க்கும் நாளுக்கு மூன்று கிழமை முன்னதாகவே ஊசி முடிந்திருத்தல் வேண்டும். ஒருவர் பட்டிக்கு மட்டும் இட்டு, அதே தரையில் மேயும் அயலவர் பட்டியை விட்டுவிட்டால் நோய் அங்கு நிலைபெற்று நிற்கும். ஆகவே, ஒரே தரைக்குச் செல்லும் ஊரவர் யாவரும் கூடி நாள் குறித்து வைத்தியரை அழைப்பதே நன்று. 1987 இல் இலங்கையுட் புகுந்த வெக்கை நோயும் பெருந்தொகையான மாடுகளுக்கு ஊசியிட்டே அடக்கப்பட்டது; அந்நோய் 2011 இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

தோட்டக்காரருக்கு ஒரு சொல். நோய் கண்ட பட்டியின் பச்சை எருவை அவ்வேளையில் ஏற்றாதீர்கள். பட்டியின் ஓரத்திலேயே குவித்து, வைக்கோலால் மூடி, சூடேறி மக்கும்படி சில கிழமை விட்டு, அதன்பின் எடுங்கள். மக்கிய எருவில் களை விதையும் குறையும். மிளகாய்க் கன்றின் வேரும் கருகாது.